மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’: வீட்டில் எடுத்த ஒரு ரகசியப் பேட்டி பற்றி

21 ஆண்டுகள் நான் சிங்கப்பூரில் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்டிருக்கிறேன். சலவைத்தூள், தொலைக்காட்சி, குடும்பச் செலவு, பிள்ளைகளின் டியூஷன் என்று எது கேட்கச் சொன்னாலும் கேட்பேன். 1989ல் தொடங்கினேன். அப்போது பல புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஏறி இறங்கியே முழங்கால் போயிற்று. கதவைத் திறக்காதவர் வீட்டுக்கு மறுபடி மறுபடி போக வேண்டும். அதை நாங்கள் ‘கால்பேக்’ என்போம். மூன்று கால்பேக் முடிந்த பிறகுதான் அந்த வீட்டை விடலாம்.

அதனால் போன மார்ச்சில் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தபோது, அதை ஒரு பழைய தொழிலாளியின் கண்ணோடுதான் படித்தேன். ‘பெண்களின் உடல்நலமும் வாழ்க்கை அனுபவங்களும்’ என்று தலைப்பு. ஆய்வை நடத்துவது யார், தமிழ்க் கேள்வித்தாளுக்கு இது ஒரு சோதனை ஓட்டம், இரண்டு அமர்வுகள், மொத்தம் இரண்டரை மணி நேரம், முடிந்ததும் 40 வெள்ளிக்குக் கடையில் பொருள் வாங்கப் பற்றுச்சீட்டு (வவுச்சர்). நடத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் செய்த ஒரு தவற்றையும் எழுதப் போகிறேன், பெயர் தெரிந்து ஆகப்போவது எதுவும் இல்லை. தமிழ் பேசும் பெண்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய இது உதவட்டும்.

பேட்டிக்கு வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கம்பிக்கதவுக்கு வெளியே நின்றபடியே அடையாள அட்டையைக் காட்டினாள். “ஆன்ட்டி, நாம ரெண்டு பேர் மட்டும் உக்காந்து பேச இடம் இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டாள். ஹாலில் என் கணவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களையில் மாமியாருக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள் பணிப்பெண். மூன்றறை வீடமைப்புக் கழக வீட்டில் தனிமை என்றால் படுக்கையறைதான். கட்டிலில் நான், தையல் மிஷின் நாற்காலியில் அவள். கதவை முழுக்கச் சாத்தினால் வீட்டில் கேள்வி எழும் என்று ஒரு சாண் அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததுமே, இவளை நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

என்ன ஆய்வு என்று அப்புறம்தான் சொன்னாள். தனியாக இருக்கிறோம் என்று உறுதியான பிறகு, குரலைத் தாழ்த்தி. சிறுவயதில் பெண்பிள்ளைகளுக்கு நடக்கும் பாலியல் கொடுமை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று அளப்பதற்கான கேள்விகள். கடிதத்தில் இதைச் சொல்லாமல் விட்டது ஏமாற்று வேலை அல்ல. வீட்டில் வேறு யாராவது கடிதத்தைப் பிரித்துப் படித்தால், பதில் சொல்லப்போகிற பெண்ணுக்கு ஆபத்து வரலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2001ல் வெளியிட்ட நெறிமுறைகளிலேயே இது இருக்கிறது: ஆய்வுக்கு வெளியே சொல்ல ஒரு பாதுகாப்பான பெயர் வேண்டும், தனிமை வேண்டும், ஒரு வீட்டில் ஒரு பெண்ணைத்தான் கேட்க வேண்டும். “விருப்பமில்லைன்னா இப்பவே நிறுத்திடலாம் ஆன்ட்டி, பற்றுச்சீட்டு எப்படியும் உங்களுக்குத்தான்” என்றாள். சரி, நடக்கட்டும் என்றேன். என் மனதில் அது வேறு யாருக்கோ நடந்த விஷயமாகத்தான் இருந்தது.

கையில் ஒரு டேப்லட், காதில் பெரிய ஹெட்போன். கேள்வி காதுக்குள் தமிழில் கேட்கும், திரையிலும் எழுத்தில் வரும், பதிலை நாமே விரலால் தொட வேண்டும். எதைத் தொட்டோம் என்று பேட்டியாளருக்குத் தெரியாது. திரை என் பக்கம்தான் இருந்தது. படிக்கத் தெரியாதவர்களும் பதில் சொல்லலாம் என்பது இதில் பெரிய வசதி. என் மாமியார் வயதுப் பெண்களில் எத்தனையோ பேர் காகிதப் படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, கேள்வியை மகனை விட்டுப் படிக்கச் சொல்வார்கள். மகன் படித்தால் அந்தத் தாய் எதைச் சொல்வாள்?

நடுவில் ஒரு காரியம் நடந்தது. பணிப்பெண் தேநீர் கொண்டுவந்தாள். கதவுச் சந்தில் அவள் கால் தெரிந்ததுமே, இந்தப் பெண் கையை நீட்டி என் டேப்லட்டின் வலது மூலையைக் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டாள். திரை மாறிவிட்டது. குவளை படம் ஒன்று, அதன் கீழே ‘வாரத்துக்கு எத்தனை முறை இனிப்புப் பானம் குடிக்கிறீர்கள்?’ அவள் அதைச் சத்தமாகவே கேட்டாள். நான் “தே ஓ கோசோங்தான், சீனி போடறதில்ல” என்று சத்தமாகவே பதில் சொன்னேன். அரை மணி கழித்து கணவர் மூக்குக்கண்ணாடி தேடி உள்ளே வந்தபோதும் அதே விரல், அதே மூலை, இந்த முறை உப்பு பற்றிய கேள்வி. அவர் “எனக்கும் ரத்தக்கொதிப்பு இருக்கு, எழுதிக்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். 21 வருடத்தில் எனக்கு ஒருவரும் இப்படி ஒரு ஏற்பாடு செய்து கொடுத்ததில்லை. மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் பேட்டி முடிந்தது என்று எழுந்து வருவோம், அல்லது மாமியாரையும் சேர்த்துக் கேட்டு முடிப்போம். அப்படி எழுதிய படிவங்கள் எத்தனையோ.

இனி கேள்விகளுக்கு வருகிறேன். இந்த ஆய்வின் உயிர் அங்கேதான் இருக்கிறது, குறையும் அங்கேதான்.

முதல் கேள்வி: ‘18 வயதுக்கு முன் நீங்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருக்கிறீர்களா?’ செய்தி வாசிக்கிற குரல். நான் யோசிக்கவே இல்லை. ‘இல்லை’யைத் தொட்டேன்.

இரண்டாவது: ‘தேவையற்ற பாலியல் தீண்டலை எதிர்கொண்டிருக்கிறீர்களா?’ ‘இல்லை.’

மூன்றாவது கேள்வியை வேறு யாரோ எழுதியிருக்க வேண்டும். குரலும் கொஞ்சம் மெதுவாக வந்தது. ‘நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பெரியவர் யாராவது உங்கள் உடம்பில் கைவைத்து, அது உங்களுக்குப் பிடிக்காமல் இருந்தது உண்டா? அவர் வீட்டுக்கு வந்துபோகிறவராக இருக்கலாம், சொந்தக்காரராக இருக்கலாம், தெரியாதவராகவும் இருக்கலாம்.’

விரல் ‘இல்லை’ பக்கம் போனது. போய் நின்றுவிட்டது.

1973ல் நாங்கள் குவீன்ஸ்டவுனில் இரண்டறை வீட்டில் இருந்தோம். எனக்கு 9 வயது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். என்ன நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. அது எனக்குச் சொந்தமானது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு ஞாயிறு காலையில் அம்மா என்னைப் பார்க்காமல், அரிசி களைந்துகொண்டே சொன்னார்: “அவர் வந்தா நீ அடுப்படியிலயே இரு. கூப்பிட்டாலும் போகாதே.” அவ்வளவுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்ல அவரிடமும் ஒரு வார்த்தை இருக்கவில்லை. எனக்கு இப்போது 61. இந்த 52 வருடத்தில் அதை நான் மறந்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது, நினைத்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. அதற்குப் ‘பாலியல் வன்கொடுமை’ என்று பெயர் இருக்கும் என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த வார்த்தை நாளிதழில் வருவது, நீதிமன்றத்தில் சொல்வது. எங்கள் வீட்டு அடுப்படியில் அது இல்லை.

‘ஆம்’ என்று தொட்டேன். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. “ஐயோ பாவம்” என்று சொல்லவில்லை, முதுகில் தட்டவில்லை, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. தண்ணீர்ப் புட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “தொடரலாம், நிறுத்தலாம், இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம். எதுவும் சரிதான் ஆன்ட்டி” என்றாள். தொடர்ந்தேன். மொத்தம் 11 கேள்விகள். அவற்றில் இன்னொன்றுக்கும் ‘ஆம்’ என்றேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் என் பெயருக்கு நேரே சுழியம். நான் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அந்தக் கேள்விக்கு என் உண்மையான பதில் ‘இல்லை’தான். இப்படி எத்தனை ஆயிரம் ‘இல்லை’களைக் கூட்டி, இந்த ஊரில் குறைவு, அந்த நாட்டில் குறைவு என்று எழுதியிருப்பார்கள்?

இது தெரிந்த பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. மகளிடம் கேட்டுச் சில கட்டுரைகளை எடுத்துத் தரச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படித்ததில் என்னை நிறுத்தியது சமூகவியல் ஆய்வாளர் டயானா ரஸ்ஸல் செய்த வேலை. 1978ல் சான் பிரான்சிஸ்கோவில் 930 பெண்களை வீடு வீடாகப் போய் பேட்டி எடுத்தார்கள். போனவர்கள் எல்லாரும் பயிற்சி பெற்ற பெண்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வராமல், நடந்திருக்கக்கூடியதைத் தனித்தனியாகச் சொல்லி 14 கேள்விகள் கேட்டார்கள். 18 வயதுக்கு முன் உடல்ரீதியான பாலியல் கொடுமை நடந்தது என்று சொன்னவர்கள் 38 சதவீதம். அதில் காவல்துறைக்குப் போனது எவ்வளவு தெரியுமா? குடும்பத்துக்குள் நடந்ததில் 2 சதவீதம், வெளியாட்கள் செய்ததில் 6 சதவீதம். காவல்துறைக் கோப்பை வைத்து எண்ணினால் எவ்வளவு கிடைக்கும் என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது.

2011ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், 1980 முதல் 2008 வரை உலகம் முழுக்க வந்த 217 வெளியீடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவர்களையே கேட்ட ஆய்வுகளில் ஆயிரத்துக்கு 127 பேர். ஆசிரியர், மருத்துவர், அதிகாரி போன்றவர்களுக்குத் தெரியவந்ததை எண்ணிய ஆய்வுகளில் ஆயிரத்துக்கு 4 பேர். ஒரே கொடுமை, முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். பெண்களைத் தனியாகப் பார்த்தால் ஆயிரத்துக்கு 180. அதே ஆய்வில் கண்டம் கண்டமாகப் பிரித்துப் பார்த்தால், பெண்கள் சொன்னதில் ஆகக் குறைவு ஆசியாவில், ஆயிரத்துக்கு 113. இதைப் படித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. இங்கே நடப்பது குறைவா, சொல்வது குறைவா? ‘இல்லை’ என்று இரண்டு முறை தொட்ட என் விரல்தான் நினைவுக்கு வந்தது.

அண்மைக் கணக்குகளும் இதையேதான் காட்டுகின்றன. 2024 அக்டோபரில் யுனிசெஃப் முதல்முறையாக உலக அளவில் ஒரு மதிப்பீடு வெளியிட்டது: இன்று உயிரோடிருக்கும் பெண்களிலும் சிறுமிகளிலும் 37 கோடிக்கு மேற்பட்டோர், அதாவது எட்டில் ஒருவர், 18 வயதுக்கு முன் வன்புணர்வுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளானவர்கள். பேச்சாலும் இணையம் வழியாகவும் நடப்பதையும் சேர்த்தால் 65 கோடி, ஐந்தில் ஒருவர். மத்திய, தென் ஆசியாவுக்கு அவர்கள் போட்ட அளவு 9 சதவீதம். அடுத்த ஆண்டு மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் வந்த இன்னொரு ஆய்வு, 204 நாடுகளுக்குக் கணக்கிட்டு, உலக அளவில் பெண்களில் 18.9 சதவீதம் என்றது. தென் ஆசியப் பெண்களுக்கு 26.8 சதவீதம். இரண்டு இடத்திலும் எல்லைக்கோடு சரியாக ஒன்றல்ல, கணக்கிட்ட முறையும் வேறு. ஆனாலும் நம் அம்மாக்களும் பாட்டிகளும் வந்த பகுதியைப் பற்றி, ஒருவர் பதினொன்றில் ஒருவர் என்கிறார், இன்னொருவர் நாலில் ஒருவருக்கும் மேல் என்கிறார். எந்த ஆய்வை நம்பினார்கள், அந்த ஆய்வில் என்ன கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

முதல் அமர்வு முடிந்து இரண்டு வாரத்தில் அவர்கள் அலுவலகத்தில் இரண்டாம் அமர்வு. பதிலைக் கேட்க மாட்டார்கள், கேள்வியின் தமிழ் எப்படிப் புரிந்தது என்று மட்டும் கேட்பார்கள். கண்ணாடிச் சுவர் வைத்த அறை. வெளியே காத்திருந்த மூன்று பெண்களும் என்னைப் பார்க்கலாம், நான் அவர்களைப் பார்க்கலாம். வரவேற்பில் இருந்தவர் என் முழுப்பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். நம் ஊர் சின்ன ஊர், தமிழர்கள் அதிலும் சின்ன வட்டம். அந்த மூவரில் ஒருவரைத் தேக்காவில் காய்கறிக் கடையில் பார்த்த ஞாபகம் எனக்கு. வீட்டில் விரல் நுனியில் அத்தனை கவனம், அலுவலகத்தில் இப்படி.

அதைவிட மோசமானது பற்றுச்சீட்டுக்குக் கொடுத்த ரசீது. கடிதத்தில் ‘உடல்நலமும் வாழ்க்கை அனுபவங்களும்’ என்று எழுதியவர்கள், ரசீதில் ஆய்வின் உண்மையான தலைப்பை அப்படியே அச்சடித்திருந்தார்கள். கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டிய காகிதம். கணவர் நல்லவர்தான், ஆனாலும் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. எல்லா வீட்டிலும் நல்லவர் இருப்பார் என்று யார் சொன்னது? கைவைத்தவனே அந்த வீட்டில் இருக்கலாம். அங்கேயே ரசீதைத் திருப்பிக் கொடுத்து, பொறுப்பாளரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்தார், மறுக்கவில்லை, மன்னிப்புக் கேட்டார். கணக்குப் பிரிவு தனியாக அச்சடித்தது, கள வேலை செய்பவர்கள் பார்க்கவில்லை என்றார். என் அனுபவத்தில் இப்படித்தான் நடக்கும். களத்தில் இருப்பவர் உயிரைக் கொடுத்துக் காப்பதை அலுவலகம் ஒரு தாளில் தொலைத்துவிடும். அடுத்த வாரமே ரசீது மாறிவிட்டது என்று படம் எடுத்து அனுப்பினார்கள்.

மொழிக் குறைகள்தான் அதிகம். ‘தேவையற்ற தீண்டல்’ என்றால் என்ன? தேவையான தீண்டல் என்று ஒன்று இருக்கிறதா? வேண்டாத இடத்தில் வேண்டாத விதமாகத் தொட்டது என்று சொல்ல வந்து, இப்படி எழுதியிருக்கிறார்கள். ‘தீண்டல்’ என்றதும் எனக்குப் பாம்புதான் தோன்றியது. நம் பெண்கள் இதை எப்படிச் சொல்வார்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். ‘தப்பா தொட்டான்’, ‘கை வச்சான்’, ‘ஒரு மாதிரி நடந்துக்கிட்டான்’, ‘சேட்டை பண்ணான்’. மலேசியாவிலிருந்து வந்தவர்கள், தஞ்சாவூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர்கள், இங்கேயே பிறந்தவர்கள் எல்லாருக்கும் ‘தப்பா தொட்டது’ புரியும். ‘சேட்டை’ வேண்டாம் என்றேன். பிள்ளைகள் செய்யும் குறும்புக்கும் அதே சொல்.

வயதை எண்ணாகக் கேட்டதும் சரியில்லை. திரையில் 0 முதல் 9 வரை பொத்தான்கள். எனக்கு 9 வயது என்று எப்படித் தெரியும்? நான் தொடக்கநிலை மூன்றில் படித்தேன், என் தம்பி அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான், அதை வைத்துத்தான். குடும்பச் செலவுக் கணக்கு எடுக்கும்போதே நாங்கள், ‘எந்த வருஷம்’ என்று கேட்காமல், ‘எந்த வீட்டில் இருந்தீங்க, பிள்ளை எத்தனாவது படிச்சான்’ என்று கேட்போம். ஞாபகம் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் பிடித்துக்கொண்டு வரும், எண்ணைப் பிடித்துக்கொண்டு வராது.

எல்லாவற்றையும்விட நான் அதிக நேரம் வாதாடியது ஒரே ஒரு சொல்லுக்காக. ‘அவர் யார்?’ என்ற கேள்விக்குக் கீழே பட்டியல்: அப்பா, மாற்றாந்தந்தை, அண்ணன் தம்பி, தாத்தா, மாமா, ஆசிரியர், அக்கம்பக்கத்தார், தெரியாதவர். எங்கள் வீட்டுக்கு வந்தவரை நான் ‘மாமா’ என்றுதான் கூப்பிட்டேன். கூப்பிடச் சொன்னவர் அப்பா. ‘மாமா’வைத் தொட்டேன். கணக்கில் அது குடும்பத்துக்குள் நடந்ததாகப் போய் விழுந்துவிட்டது. தமிழில் மாமா என்றால் அம்மாவின் தம்பி, அத்தையின் கணவர், அப்பாவின் சிநேகிதர், எதிர்வீட்டுக்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், எல்லாருமே. இங்கிலீஷில் யோசித்து எழுதிய பட்டியலை அப்படியே தமிழில் போட்டால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது, சொன்னேன். நம்மில் தாய்மாமனுக்கு முறை உண்டு. ஐந்து வயதுப் பெண்ணை மாமன் மடியில் உட்கார வைத்து, “இவளைத்தான் கட்டிக்கப் போறேன்” என்பார். சுற்றி நிற்கும் பெரியவர்கள் சிரிப்பார்கள். பெரும்பாலான மாமன்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவன் எல்லை மீறினால், அந்தக் குழந்தை யாரிடம் போய் என்ன சொல்லும்? எல்லாரும் சிரித்த ஒன்றைத்தானே அவன் செய்தான்? ‘உங்களுக்கு முறையுள்ளவர் யாராவது, கேலி என்ற பெயரில்’ என்று ஒரு கேள்வி வேண்டும் என்றேன். அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “இதை யாரும் எங்களுக்குச் சொல்லலை ஆன்ட்டி” என்றாள்.

இவ்வளவு நன்றாகக் கேட்டாலும் எல்லாம் வந்துவிடாது. 1994ல் லிண்டா வில்லியம்ஸ் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகி மருத்துவமனைப் பதிவேட்டிலேயே இருந்த 129 பெண்களை, சுமார் 17 ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் போய் பேட்டி எடுத்தார்கள். 38 சதவீதம் பேர் அந்தச் சம்பவத்தைச் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் 24,000க்கு மேற்பட்ட பெண்களைப் பேட்டி எடுத்தபோது, கடைசியில் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். அதில் சிரிக்கும் முகம் ஒன்று, அழும் முகம் ஒன்று. 15 வயதுக்கு முன் நடந்திருந்தால் அழும் முகத்தில் குறி போட்டு, உறையில் வைத்து ஒட்டித் தர வேண்டும். வாயால் ‘இல்லை’ என்றவர்களில் பலர் உறைக்குள் குறி போட்டிருந்தார்கள். எங்கள் டேப்லட்டிலும் இப்படி ஒரு கடைசி வாய்ப்பு வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. முடிவில் ஒரு சின்ன அட்டை தந்தாள். பலதுறை மருந்தகம், நீரிழிவு, மூத்தோர் சேவை என்று பல எண்கள், அவற்றின் நடுவே 1800-777-0000. வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்கும் எதிரான தேசிய உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பார்ப்பவருக்கு அது ஒரு சாதாரண உடல்நல அட்டை. மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு அவளே போன் செய்தாள். அந்த நேரத்தில்தான் கணவர் சந்தைக்குப் போவார் என்று நான் சொல்லியிருந்தேன், குறித்து வைத்திருந்தாள். தூங்க முடிகிறதா என்று கேட்டாள். முதல் இரவு இல்லை, இப்போது பரவாயில்லை என்றேன். ஆலோசகரிடம் பேச விருப்பமா என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு பேசினேன். தமிழில் பேச ஆள் ஏற்பாடு செய்ய நான்கு நாள் ஆனது. நான்கு நாள் அதிகம். ஒரு பெண் 52 வருடம் கழித்து வாயைத் திறக்கும்போது அடுத்த நாளே ஆள் இருக்க வேண்டும்.

யாருக்கு இது வேண்டாம்? இப்போதும் அந்த ஆளோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் வீட்டுப் பேட்டிக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம், வெளியிடம் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். மற்றவர்கள் நேரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வீடு காலியாக இருக்கும் நேரம் எது என்று நமக்குத்தான் தெரியும். நடுவில் நிறுத்தலாம். சொல்ல விருப்பமில்லாத கேள்வியைத் தாண்டிப் போகத் திரையின் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது, சின்னதாக இருப்பதால் கண்ணில் படாது. அதைப் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் மாதம் அந்தப் பெண் மறுபடி வந்தாள், திருத்திய கேள்விகளைக் காட்ட. இது ஒப்பந்தத்தில் இல்லாத வருகை, பற்றுச்சீட்டும் கிடையாது. முதல் இரண்டு கேள்விகளையும் எடுத்துவிட்டார்கள். மூன்றாவது முதலாவது ஆகியிருந்தது. வயதுக்குப் பதில் ‘எந்த வீட்டில் இருந்தீர்கள், எத்தனாவது படித்தீர்கள்’ என்று இரண்டு வரி. கேலி பற்றிய கேள்வியும் வந்திருந்தது. அப்புறம் பட்டியல். ‘மாமா’ இருந்த இடத்தில் இப்போது நான்கு வரிகள்: அம்மாவின் அண்ணன் தம்பி, அத்தையின் கணவர், மாமா என்று கூப்பிட்ட தூரத்துச் சொந்தம், மாமா என்று கூப்பிடச் சொன்ன குடும்ப நண்பர்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தேன். நான்காவது வரியில் அவர் இருந்தார்.